தோட்டக் குடியிருப்பும் நகர வாடகையும்

மலேசியத் தமிழரின் வீட்டுச் சிக்கலை ஆராயுங்கால் நகர வாடகையை மட்டும் நோக்கினால் அதன் வேர் புலப்படாது. அவ்வேர் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் உள்ளது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைந்திருந்தது. தொழிலாளர் வாடகை செலுத்தவில்லை. ஆயினும் வேலை நீங்கியபோது வீடும் நீங்கியது. தலைமுறை தலைமுறையாய் உழைத்த குடும்பமும் உடைமையின்றி வெளியேற நேர்ந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்நிலை தெளிவாக வெளிப்பட்டது. அதனை எதிர்கொள்ளும் நோக்கில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் வீடு, குடிநீர் முதலியவற்றின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுத்தது, வீட்டுடைமையை வழங்கவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. வெளியேறியோருள் பலர் நகரோரப் புறம்போக்கு நிலங்களிலும், பின் அடுக்குமாடிகளிலும் குடியேறினர். அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 ரிங்கிட். சந்தை வாடகையினும் இது மிகக் குறைவு. எனினும் வாடகை அறியாத குடும்பத்துக்கு இது புதிய செலவு. லயத்தருகே காய்கறி பயிரிட்டும் ஆடுமாடு வளர்த்தும் பெற்றவற்றை அடுக்குமாடியில் காசு கொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே, மலிவு வீட்டை வாடகைத் தொகையால் மட்டும் அளத்தல் போதாது. வேலை போனபின்னும் அங்கு வாழ இயலுமா என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.