நெட்வொர்க் கார்டு கூப்பிடாமல் போனால்

பாக்கெட் வந்து சேர்ந்ததும் நெட்வொர்க் கார்டு அதை நேராக நினைவகத்தில் எழுதிவிட்டு, ப்ராசஸரைக் கூப்பிடுகிறது. இந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். அது வராமல் போனால் கேபிள் சரியாக இருக்கும், கார்டின் விளக்கும் மினுக்கும். பிங் மட்டும் போகாது.

பழைய பிசிஐ கார்டுகளில் இதற்கென ஒரு மின்கம்பி இருந்தது. ஒண்டுக்குடித்தன வீட்டின் ஒற்றைக் காலிங் பெல் போல, பல கார்டுகளுக்கு ஒரே கம்பி. மணி அடித்தால் ஒவ்வொரு டிரைவரும் ‘நம்முடையதா’ என்று எழுந்து பார்க்க வேண்டும். ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் கேட்பாரற்றுப் போனால் லினக்ஸ் அந்தக் கம்பியையே துண்டித்துவிடும். அதில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கார்டும் சேர்ந்து ஊமையாகும்.

அடுத்து வந்த எம்எஸ்ஐ முறையில் கம்பி இல்லை. குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதுவதே கூப்பாடு. கம்பியில் வரும் சைகை தனி வழியில் ஓடுவதால், பாக்கெட் நினைவகத்தைச் சேரும் முன்பே வந்துவிடலாம். எம்எஸ்ஐ பாக்கெட் போன வழியிலேயே அதன் பின்னால் போகிறது, முந்த முடியாது.

ஆனால் சில மதர்போர்டுகளில் எம்எஸ்ஐ பெயருக்குத்தான் இருந்தது. அதனால் பிராட்காமின் டிஜி3, இன்டெலின் இ1000இ ஆகிய லினக்ஸ் டிரைவர்கள் தொடக்கத்திலேயே கார்டை ஒரு சோதனை இன்டரப்ட் அனுப்பச் சொல்கின்றன. வரவில்லையா, பழைய கம்பி முறைக்கே திரும்பிவிடும். நல்ல டிரைவருக்கு இந்தச் சந்தேகப் புத்தி வேண்டும். அனுப்பும் வரிசை அசையாமல் நின்றால் கார்டை ரீசெட் செய்யவைக்கும் வாட்ச்டாகும் இதே ரகம்.

இன்டரப்ட் அதிகமானாலும் ஆபத்து. ஒரு ஜிகாபிட் இணைப்பில் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 14.88 லட்சம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் எழுந்தால் ப்ராசஸருக்கு வேறு வேலையே ஓடாது. லினக்ஸின் நேப்பி இதற்குத்தான்: முதல் இன்டரப்ட் வந்ததும் மற்றவற்றை நிறுத்திவிட்டு, வரிசை காலியாகும் வரை டிரைவரே போய்ப் போய் அள்ளுகிறது. பிறகு இன்டரப்டைத் திறக்கிறது. வில்லங்கம் அங்கேதான். கடைசியாகப் பார்த்ததற்கும் திறந்ததற்கும் நடுவே ஒரு பாக்கெட் வந்து, அதைக் கார்டும் சொல்லாமல், டிரைவரும் மறுபடி பார்க்காமல் விட்டால், அடுத்த பாக்கெட் வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

சந்தேகம் வந்தால் ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். பிங் அடிக்கும்போது கார்டின் எண்ணிக்கை நகரவே இல்லையென்றால், எம்எஸ்ஐயை நிறுத்தி பூட் செய்து பார்க்கலாம். பெரிய கோப்பு இறங்கும்போது எண்ணிக்கை மெதுவாக ஏறினால் கவலை வேண்டாம். அது நேப்பியின் வேலை.