பொங்கலுக்கு வரும் பிள்ளை

டீ ஆறுவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன், பெரியம்மா. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து உங்கள் தங்கை பேரன் திருப்பத்தூர் வருகிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. போன வருஷம் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். செல்லம் காரணமில்லை.

அன்றைக்குக் கூடத்தில் டிவி, சமையற்கட்டில் மிக்ஸி, தெருவில் மேளம், நடுவில் இருபது பேர் பேச்சு. இத்தனைக்கும் நடுவே எதிரில் இருப்பவர் பேசுவது மட்டும் நமக்குக் கேட்கிறது. இந்த டீ வடிகட்டி மாதிரி, வேண்டாததை மூளை மேலேயே நிறுத்திவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தூளும் சேர்ந்தே இறங்கும். ஒருவனுக்குச் சத்தம் தாங்காது, இன்னொருவனுக்குத் தாளிப்பு நெடி, வேறொருத்திக்குப் புதுத்துணி.

துணி என்றதும் டெம்பிள் கிராண்டின் ஞாபகம் வருகிறார். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி. மாடுகள் மிரளாமல் நடந்துபோகும்படி தொழுவங்களையும் பாதைகளையும் வடிவமைத்துப் பேர்பெற்ற விஞ்ஞானி. மாட்டுப் பொங்கல் சமயத்தில் பேச ஏற்ற ஆள்தான்! சின்ன வயதில் தேவாலயத்துக்குப் போட்டுவிட்ட நல்ல உடுப்பு தோலை அராவியது என்று எழுதியிருக்கிறார். அதனால் மொடமொடக்கும் பட்டு வேட்டியை அவனுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். பழைய பனியனோடு அவன் பொங்கல் கொண்டாடட்டும்.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். எல்லாம் வழக்கப்படியே நடக்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்ததை அப்போதே குறித்திருக்கிறார். நம் பண்டிகையோ வழக்கத்தையெல்லாம் ஒரே நாளில் புரட்டிப்போடும். எனவே முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் பெரிய மருந்து. வீட்டு வாசல், அவன் படுக்கப்போகும் அறை, உங்கள் முகம் என்று போனில் படமெடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்புங்கள். காலையில் பானை பொங்கும், பிறகு சாப்பாடு, பிறகு மாடு என்று வரிசையாக அவள் காட்டட்டும். கூட்டம் கூடுவதற்கு முந்தின நாளே வந்துவிட்டால் இன்னும் நல்லது.

பின்கட்டு அறையை அவனுக்கென்று ஒதுக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். "ஏன் தனியா இருக்கே?" என்று யாரும் பின்னாலேயே போகக் கூடாது. கன்னத்தைக் கிள்ளுவது, காலில் விழச் சொல்வது, சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் பாட்டுப் பாடிக் காட்டச் சொல்வது எல்லாம் வேண்டாம். அவன் அம்மா டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்தால் அது உங்கள் சர்க்கரைப் பொங்கலுக்கு அவமரியாதை இல்லை.

அதையும் மீறி அழுது கத்தினால்? டிவியை அணையுங்கள், சுற்றி நிற்பவர்களை நகரச் சொல்லுங்கள், நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் புத்திமதி இன்னொரு சத்தம்தான்.

எருது விடும் விழாவுக்கு அவனை இழுத்துப்போக வேண்டாம். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுகிற வேலையை, தெரு விழிப்பதற்கு முன்னால், அவனிடம் கொடுத்துப் பாருங்கள். காணும் பொங்கலன்று ஏலகிரி மலையில் கூட்டம் தாங்காது. நாலு நாள் கழித்துப் போங்கள். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரோடு. பெயர்ப்பலகை படிக்கிற பிள்ளை என்றால் மேலே உள்ள ஏரியைவிட அவைதான் அவனுக்குச் சுற்றுலா. படகில் ஏறவில்லையே என்று அங்கலாய்க்காதீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே பட்டியல் பொருந்தாது. மேளச் சத்தம் பிடித்து அதன் பின்னாலேயே ஓடுகிற ஆட்டிசப் பிள்ளையும் உண்டு. அதனால் இன்றைக்கு ராத்திரியே அவன் அம்மாவுக்குப் போன் போடுங்கள். "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்பதற்கு முன்னால், "அவனுக்கு எது பிடிக்கும், எது ஆகாது?" என்று கேளுங்கள்.