காட்பாடியிலிருந்து ஒரு பீச்!

"சண்டே பீச்சுக்குப் போலாம்டா!" என்றதும், ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் ரூம்மேட் ஏலகிரி எக்ஸ்பிரஸ் டைம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். "மெட்ராசுக்கு இல்லடா... பொன்னையாத்துக்கு!" என்றேன். முறைத்தான்.

முதலில் வள்ளிமலை. காட்பாடியிலிருந்து பஸ். வள்ளி தினைப்புனம் காத்து முருகனிடம் மனதைப் பறிகொடுத்த மலை இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. படியேறி, பாறையைக் குடைந்த கோயிலில் கும்பிட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் அப்படியே இறங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள் சார்! மலைச் சரிவில் இருக்கும் குகைப் பக்கம் திரும்புங்கள். பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள்! 9-ம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராசமல்லன் அமைத்த பள்ளி என்கிறது கன்னடக் கல்வெட்டு. வட ஆற்காட்டில் கன்னடமா என்று கேட்காதீர்கள். அப்போது மாநில எல்லையை யார் போட்டார்கள்?

அடுத்து, பக்கத்திலேயே இருக்கும் மேல்பாடி. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சுந்தர சோழரின் அப்பா அரிஞ்சயனுக்கு, பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இங்கேதான் இருக்கிறது. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்பது அரிஞ்சயனுக்குக் கல்வெட்டு தரும் பெயர். 949-ல் தக்கோலத்தில் சோழப் படையை நொறுக்கினானே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவன் 959-ல் கூடாரம் அடித்ததும் இதே மேல்பாடியில்தான். ஜெயித்த நாட்டையெல்லாம் இன்க்ரிமென்ட் மாதிரி தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான்! அதே ஊரில் தாத்தாவுக்குக் கோயில். பேரனுக்கு ரோஷம் ஜாஸ்தி.

கோயிலைத் தாண்டினால் நம்ம பீச். மணல்... மணல்... சுண்டல் கிடையாது, குதிரை சவாரி கிடையாது, ஆளும் கிடையாது. ரூம்மேட் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்துவிட்டான்.

"இதெல்லாம் ஒரு ஆறாடா? காலே நனையல!"

"2021 டிசம்பர்ல சென்னை ரயிலையெல்லாம் கேன்சல் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா?"

"திருவலம் பாலம் பழுதாச்சே... சீசன் டிக்கெட்டைக் கையில வெச்சிக்கிட்டு காட்பாடி ஸ்டேஷன்ல முழிச்சேனே!"

"அந்த வெள்ளம் வந்தது இந்த ஆத்துலதான்."

படுத்திருந்தவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். ஆந்திரா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"கடைசி பஸ் எத்தனை மணிக்குடா?"