பிரிவதற்கு முன் பொறுத்திருக்கும் உயிரணு

போதிய அளவு வளர்ந்துவிட்டோம், இனி இரண்டாகப் பிரியலாம் என்று ஓர் உயிரணுவுக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண உதவியது, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர்.

ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட், மொட்டு விட்டுப் பெருகும். அதன் தூரத்து உறவான பிளவு ஈஸ்ட் குட்டிக் குச்சி போல இருக்கும். அகலம் அதிகம் மாறாமல் முனைகளில் மட்டும் நீளும். ஏறக்குறைய 14 மைக்ரோமீட்டர் நீளத்தை எட்டியதும் நடுவில் பிரியும். நீளத்தை அளந்தாலே அது எந்தக் கட்டத்தில் உள்ளது என்று கூறிவிடலாம்.

1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இந்த ஈஸ்டை ஆராய்ந்தவர் பால் நர்ஸ். பள்ளிக் காலத்தில் பிரெஞ்சு மொழித் தேர்வில் ஆறு முறை தோற்று, அதனால் பல்கலைக்கழக இடம் கிடைக்காமல், மதுபான ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் விதிவிலக்கு அளித்து அவரைச் சேர்த்துக்கொண்டது.

வழக்கமான அளவில் பாதியே இருக்கும்போது பிரிந்துவிடும் ஈஸ்ட் அணுக்களை நர்ஸ் கண்டார். அவை வளர முடியாமல் சிறுத்தவை அல்ல. பொறுத்திருக்காமல் அவசரப்பட்டுப் பிரிந்தவை. அவற்றில் பழுதான மரபணுவுக்கு 'வீ1' என்று பெயர் வந்தது. ஸ்காட்லாந்து வழக்கில் 'வீ' என்றால் சிறியது.

<b>வேகமும் பிரேக்கும்</b>

வீ1 மரபணு உருவாக்கும் புரதம், கைனேஸ் வகை நொதி. பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூற்றில் ஒட்டுவதே கைனேஸ்களின் வேலை. அப்படி ஒட்டப்பட்ட புரதம் செயல்படத் தொடங்கலாம். செயலை நிறுத்தவும் செய்யலாம்.

உயிரணுவைப் பிரியத் தூண்டுவது சிடிசி2 என்ற கைனேஸ். அதன்மீது வீ1 பாஸ்பேட்டை ஒட்டி நிறுத்தி வைக்கிறது. நேரம் வந்ததும் சிடிசி25 என்ற நொதி அந்த பாஸ்பேட்டை நீக்கிவிட, பிரிவு தொடங்குகிறது. வீ1 பழுதானால் பிரேக் இல்லாத வண்டிதான்.

உருவத்தையும் கைனேஸ்களே காக்கின்றன. முனைகளில் திரண்டிருக்கும் பாம்1 என்ற கைனேஸ் இல்லாவிட்டால், குச்சி வளைந்து கிளை விடும். பிரிவும் நடுவில் நிகழாமல் தடம் மாறும்.

1987ல் மெலனி லீயும் நர்ஸும், சிடிசி2 பழுதான ஈஸ்டில் மனித மரபணு ஒன்று அந்த வேலையைச் செய்வதைக் காட்டினர். ஈஸ்டும் மனிதனும் ஒரே பொறிமுறையைப் பயன்படுத்துவது உறுதியானது. 2001ல் லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட் ஆகியோருடன் நர்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கட்டுப்பாடின்றி உயிரணுக்கள் பெருகுவதே புற்றுநோய். இதே கைனேஸ் குடும்பத்தைத் தடுக்கும் பால்போசிக்லிப் மருந்து, ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்காக 2015ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

மைட்டோசிஸ் கட்டங்களை வரிசையாக மனப்பாடம் செய்யும் மாணவர்களே, அந்த வரிசையைத் தொடங்கி வைப்பது எது என்றும் கேட்டுப் பாருங்கள். நர்ஸ் தேடியது அதைத்தான்.