கணிப்பொறியை ஆள்வது யார்?

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கிய மடிக்கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கி வந்து, இப்போது பரண்மேல் கிடப்பதாகவும் இருக்கலாம். அதை எடுத்துத் தூசி தட்டி, மின்னூட்டி, விசையை அழுத்திப் பாருங்கள். பல கருவிகளில் முதலில் ஒரு கருந்திரை தோன்றும். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். சில நொடிகள் நீங்கள் சும்மா இருந்தால் கருவி தானாகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பாஸ் என்ற அந்தப் பெயரை ஒருமுறைகூடத் தொடாமலே படிப்பை முடித்த மாணவர்கள் பலர். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கணிப்பொறிக்குள் இருப்பது என்ன? சிலிக்கான் சில்லுகளில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு சுவிட்சு. மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் 1, தாழ்ந்திருந்தால் 0. நாம் முதன்முதலில் எழுதப் பழகிய ‘அ’கூட அதற்கு 101110000101 தான். யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் ‘அ’வுக்குத் தந்துள்ள 2949 என்ற எண்ணின் இரும வடிவம் இது. 2048, 512, 256, 128, 4, 1 ஆகியவற்றைக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுவிட்சுக் கூட்டத்திற்குத் தானாக எதுவும் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது, படத்தைத் திரையில் எங்கே வரைவது, கோப்பை எங்கே வைப்பது என்றெல்லாம் கவனிக்க ஒரு நிர்வாகி வேண்டும். அந்த நிர்வாகியே இயக்க அமைப்பு. அதுவும் ஒரு மென்பொருள்தான். ஆனால் மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதனிடம் கேட்டே காரியம் சாதிக்க வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விசைத்தறிக் கூடத்தில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு அடுத்த தறிக்குப் போவார். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் தட்டும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கடிகாரத் துடிப்பு ஒன்றின் உதவியால், லினக்ஸின் கருப்பகுதி நொடிக்கு 250 முறை ‘அடுத்து யாருடைய முறை?’ என்று பார்க்கிறது. (இந்த எண் அமைப்புக்கு அமைப்பு மாறும்.) அதாவது 4 மில்லிநொடிக்கு ஒருமுறை! நம் கண்ணும் காதும் அவ்வளவு விரைவானவை அல்ல. ஆகவே எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது. உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஆள் வேறிடத்தில் நின்றாலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். செயலியிலோ, முறை வராத வேலை அப்படியே நிற்கும்.

மூடியை யார் திறக்கலாம்?

இனி, கோவையில் பிறந்த வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். 1950களில் சபாபதி என்பவர் அதை இங்கே உருவாக்கினார். பின்னர் நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் கழற்றிப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள். சாய்த்து மாவை வழிக்கும் வகை வந்தது. மேசைமேல் வைக்கும் சிறிய வகை வந்தது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். மூடியைத் திறப்பதே குற்றம் என்றிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா?

மென்பொருளுக்கும் மூடி உண்டு. மனிதர் அதை எழுதுவது ‘சி’ போன்ற ஒரு மொழியில், படித்தால் புரியும் வரிகளாக. இதற்கு மூலநிரல் என்று பெயர். இவ்வரிகளை 0, 1 வரிசையாக மாற்றிய பிறகே செயலி ஏற்கும். மாற்றிய வடிவத்தை மட்டும் விற்றால், உள்ளே நடப்பதைப் பிறர் அறிவது மிகக் கடினம். விண்டோஸ் அவ்வகை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், காகிதம் சிக்கித் தொல்லை தந்த அச்சுப்பொறி ஒன்றின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை, கேட்டும் மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். எக்காரியத்திற்கும் பயன்படுத்தலாம், உள்ளே படித்துப் பார்க்கலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியும் வெளியிடலாம் என்பதே அதன் கொள்கை. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், அவர்கள் இன்றும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அத்தொல்லை இல்லை. விலையில்லா மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு.

குனுவிடம் பல கருவிகள் இருந்தன. முழுமையான கருப்பகுதி மட்டும் இல்லை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதில் அதை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலிலுள்ள 500 கருவிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியின் கருப்பகுதியும் அதுவே. பாஸைத் தொடாத மாணவர், லினக்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்!

பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் அதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மூலநிரல் திறந்திருந்ததால், திரையில் தமிழும் பிற இந்திய மொழிகளும் வருமாறு அமைக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

பழைய கருவிக்கு இதனால் என்ன பயன்? விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. விண்டோஸ் 11 பல பழைய செயலிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கருவியைக் குப்பை என்று காயலான் கடையில் போடுவதற்கு முன், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை அதில் ஓட்டிப் பார்க்கலாம். 2 ஜிகாபைட் நினைவகமே அதற்குப் போதும். கருவியில் ஏற்கெனவே இருக்கும் பாஸும் பழையதுதான் என்பதால் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். விலை இல்லை.

குறைகளும் உண்டு. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். கடைகளில் கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. ஆகவே வீட்டில் யாருக்கு எது தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதி, அதிலிருந்தே கருவியைத் தொடங்கலாம். எழுதும்போது அந்தப் பென் டிரைவிலுள்ளவை அழிந்துவிடும்; வெறுமையானதாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘சோதித்துப் பார்’ என்ற வழியில் சென்றால் வட்டிலுள்ள எதுவும் மாறாது. பென் டிரைவைப் பிடுங்கி மீண்டும் தொடங்கினால் கருவி பழையபடி இருக்கும். ‘நிறுவு’ என்ற வழி அப்படியன்று. அது வட்டையே அழித்து எழுதக்கூடும். அண்ணனின் கல்லூரிக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் வேறிடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.