ஈரத்தாளில் ஒரு கட்டுக்கதை

2019-இல் ஜெர்மனியின் அன்றைய பிரதமர் ஆங்கெலா மெர்கலின் அலுவலகச் சுவரிலிருந்து இரண்டு ஓவியங்கள் இறங்கின. ஒன்றில் பொங்கி உடையும் கடலலை, மற்றதில் பூந்தோட்டம். படங்களில் குறையில்லை. வரைந்தவர்தான் சிக்கல்: எமில் நோல்டே.

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல், உள்ளே கொதிப்பதை நிறமாகக் கொட்டிய எக்ஸ்பிரஷனிச ஓவியர்களில் பெரிய கை. முகம் பச்சையாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்கிற கூட்டம் அது. டிரெஸ்டன் நகரத்து 'பாலம்' ஓவியர் குழுவில் சேரும்படி 1906-இல் அவருக்குக் கடிதம் எழுதி அழைத்தவர் கார்ல் ஷ்மிட் ராட்லுஃப் என்ற இளைஞர்.

நோல்டேயின் நீர்வண்ணம் தனி ரகம். ஜப்பானியத் தாளை நனைத்து, ஈரம் உலரும் முன்பே வண்ணம் ஏற்றுவார். நிறம் தாளுக்குள் ஊறி மறுபக்கம் வரை இறங்கிவிடும். சிவந்த பாப்பிப் பூ எங்கே முடிகிறது, ஊதா நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பாதி வேலை தூரிகையுடையது, பாதி தண்ணீருடையது.

1937 ஜூலையில் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சி நடத்தினார்கள். நவீன ஓவியங்களை நெருக்கியடித்து மாட்டி, சுவரெல்லாம் நக்கல் எழுதி, சிரிக்க ஊரைக் கூட்டினார்கள். நோல்டேயின் ஒன்பது பகுதி கிறிஸ்து ஓவியமும் அங்கே தொங்கியது. அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் ஆயிரத்துக்கும் மேல் பறிபோயின. வேறெந்த ஓவியருக்கும் அவ்வளவு இழப்பில்லை. 1941-இல் தொழில் தடையும் வந்தது.

போருக்குப் பின் ஒரு கதை பரவியது. எண்ணெய் வண்ணத்தின் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று, தடைக் காலத்தில் நோல்டே சிறு அறையில் ஒளிந்து, கையகலத் தாள்களில் நீர்வண்ணம் தீட்டினாராம். எழுத்தாளர் சீக்ஃப்ரீட் லென்ஸ் 1968-இல் இதைக் கருவாக்கி நாவலே எழுதினார்.

நோல்டேயின் கடிதங்களை ஆய்வாளர்கள் பிரித்துப் படித்தபோது சாயம் வெளுத்தது. அவர் நாஜிக் கட்சி உறுப்பினர், அந்த ஆட்சியின் கடைசிவரை ஹிட்லர் பக்தர். சக ஓவியர் மாக்ஸ் பெக்ஸ்டைனை 'யூதர்' என்று அதிகாரியிடம் போட்டுக்கொடுத்தவர். பெக்ஸ்டைன் யூதரும் இல்லை! பறிபோன படங்களைத் திருப்பித் தரும்படி நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு மனுப் போட்டவர். தடை, காட்சிக்கு வைப்பதற்கும் விற்பதற்கும்தான்; வீட்டில் வரைய யாரும் தடுக்கவில்லை. அந்த நீர்வண்ணங்களில் சில தடைக்கு முந்தியவை. 2019-இல் பெர்லினில் ஒரு கண்காட்சி இத்தனையையும் ஆவணங்களோடு வைத்தது.

அந்தப் பாப்பிப் பூக்கள் இன்னமும் எனக்குப் பிடிக்கும். அந்தக் கண்ணீர்க் கதையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மெர்கலின் சுவரில் அடுத்து ஷ்மிட் ராட்லுஃப் படங்களை மாட்டலாம் என்று பேச்சு எழுந்தது. அவருடைய பழைய கடிதங்களிலும் யூத வெறுப்பு தலைகாட்டியது. சுவரை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள்.