தேடுவோர் கண்ணில் படுமா நம் கடை?

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே செல்லும் சாலை, கேரள எல்லையைக் கடந்து அட்டப்பாடிக்குள் நுழைந்து அகளியை அடைகிறது. எதிர்த்திசையில் மண்ணார்க்காட்டிலிருந்து மலைவளைவுகள் ஏறி முக்காலி வழியாக வருவோரும் அகளிக்கே வந்து சேர்கின்றனர். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் செல்லும் வனத்துறை வண்டிகள் புறப்படும் இடம் முக்காலி. அதனால் விடுமுறை நாள்களில் இப்பாதையில் வெளியூர் வாகனங்களுக்குக் குறைவில்லை. எங்கே தங்குவது, எங்கே உண்பது, ஊர் திரும்பும்போது என்ன வாங்கிச் செல்வது என்பதையெல்லாம் அவற்றில் வருவோர் பெரும்பாலும் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே கைப்பேசியில் முடிவு செய்துவிடுகின்றனர்.

ஆகவே, நான்கு அறைகளை வாடகைக்கு விடுபவரும், தேனும் துவரையும் விற்கும் மகளிர் குழுவும்கூட இன்று இணையதளம் வைத்துக்கொள்வதில் வியப்பில்லை. அறைகளைக் கட்டுவதற்கு வாங்கிய கடனின் மாதத் தவணையே அத்தளத்தின் வழியாக வரும் முன்பதிவுகளை நம்பி இருக்கலாம். தேடுபொறிகளில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்துள்ள மாற்றங்கள் அத்தகைய வாடிக்கையாளர்களின் வருமானத்தை நேரடியாகத் தொடுபவை என்பதாலேயே, அவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கூகுள் நிறுவனம் தொடங்கப்பட்ட 1998 முதல் இணையதள உரிமையாளருக்கும் தேடுபொறிக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்று நிலவி வந்தது. உரிமையாளர் தம் தகவல்களை இலவசமாகப் படிக்கத் தருவார். தேடுபொறி அதற்கு ஈடாக அவரிடம் ஆள்களை அனுப்பிவைக்கும். இவ்வுடன்பாடுதான் இப்போது தளர்ந்துவருகிறது. கேள்விக்கான விடையைச் செயற்கை நுண்ணறிவே தொகுத்துப் பக்கத்தின் உச்சியில் தரும் வசதியைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் பரவலாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்தியாவுக்கு வந்த அவ்வசதி, அதன்பின் தமிழுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உரையாடல் போலத் தொடர்ந்து கேள்வி கேட்கும் 'ஏஐ மோட்' 2025-இல் வந்து, அவ்வாண்டின் இறுதிக்குள் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கத் தொடங்கியது.

விளைவு எளிதில் விளங்கக்கூடியதே. 'அமைதிப் பள்ளத்தாக்குக்கு எந்த மாதம் செல்லலாம்?' என்று ஒருவர் கேட்கிறார். முன்பானால், அதைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்த விடுதியின் பக்கத்துக்கு வந்திருப்பார்; வந்தவர் அறையின் படத்தையும் பார்த்திருப்பார். இன்று விடை மேலேயே கிடைத்துவிடுவதால் அவர் கீழே இறங்குவதே இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் ஏறத்தாழ 900 பேரின் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்தது. இத்தகைய தொகுப்பு விடை இல்லாத தேடல்களில் 15 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் இணையதள இணைப்பு சொடுக்கப்பட்டது. தொகுப்பு விடை வந்த தேடல்களில் அது 8 விழுக்காடாகச் சுருங்கியது. தொகுப்புக்கு உள்ளேயே தரப்பட்டிருந்த இணைப்பைச் சொடுக்கியது 1 விழுக்காடு மட்டுமே. இது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் எண்கள் வேறுபடலாம். போக்கு வேறுபடும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

ஆயினும் எல்லாத் தேடல்களும் ஒரே வகையானவை அல்ல. பொதுத் தகவலைத் தேடுபவர் விடை கிடைத்ததும் போய்விடுவார். குறிப்பிட்ட ஒரு விடுதியில் வரும் சனிக்கிழமை அறை காலியாக உள்ளதா, வாடகை எவ்வளவு, மழையில் அங்கே மகிழுந்து ஏறுமா என்று அறிய விரும்புபவர் உரிமையாளரிடம் வந்தே தீரவேண்டும். எனவே, 'அட்டப்பாடியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று எவரும் எழுதக்கூடியதை எழுதிக் குவிப்பதில் இனிப் பயன் குறைவு. இன்றைய வாடகை, உண்மையான படங்கள், சாலையின் நிலை, உணவு நேரம் ஆகியவை உரிமையாளர் ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியவை. மலிவான விலைக்கு நூறு கட்டுரை எழுதித் தருவதாகச் சொல்லி வருவோரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். இயந்திரத்தைக் கொண்டு மொத்தமாகத் தயாரிக்கப்படும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச் விதிகளில் முறைகேடாகவே வகைப்படுத்தியுள்ளது. தரமற்ற உள்ளடக்கம் தேடல் முடிவுகளில் 45 விழுக்காடு குறைந்ததாகவும் அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

பெயரைச் சொல்லித் தேடப்படுவது எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு அட்டப்பாடியிலேயே சான்று இருக்கிறது. இங்குள்ள பழங்குடிப் பெண்கள் செய்யும் குடைகள் 'கார்த்தும்பி' என்னும் பெயரில் விற்பனையாகின்றன. 2024 ஜூன் 30 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் இக்குடைகளைக் குறிப்பிட்டுப் பேசினார். 'நல்ல குடை' என்று தேடுபவருக்கு நாட்டின் பெரிய நிறுவனங்களே முதலில் தென்படும். 'கார்த்தும்பி குடை' என்று தேடுபவரை வேறொருவர் வழிமறித்துக் கொண்டுபோவது கடினம்.

விளைபொருளுக்கும் இது பொருந்தும். ஆட்டின் கொம்பைப் போல் வளைந்த அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும், வெண்ணிறத் தோலுடைய அட்டப்பாடி துவரையும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றன. இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையிலுள்ள காந்தளூர், வட்டவடை ஊர்களின் வெள்ளைப்பூண்டுக்கும் அப்போதே அக்குறியீடு கிடைத்தது. துவரம்பருப்புக்கான தேடலில் சிறு விற்பனையாளர் நூறாவது ஆளாக நிற்பார். அட்டப்பாடி துவரைக்கான தேடலில் அவருக்குப் போட்டி சிலரே. புவிசார் குறியீட்டுப் பெயரைப் பயன்படுத்த விரும்புவோர், அதற்கான சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறோம். இடையில் சிறு சிக்கலும் உண்டு. அகளியையும் அட்டப்பாடியையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஐயில் முடிக்கிறார், இன்னொருவர் ஒய்யில் முடிக்கிறார். தளத்திலும் வரைபடத்திலும் பெயர்ப்பலகையிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுவது நலம்.

இனி, நம் சிறுதொழில் வாடிக்கையாளர்கள் பலரைத் தொட்ட ஒரு நிகழ்வு. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு அந்நிறுவனமே ஒரு பக்க இணையதளத்தை இலவசமாக அமைத்துத் தந்து வந்தது. செலவில்லை, தொழில்நுட்ப அறிவும் வேண்டியதில்லை. பலர் அம்முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிட்டனர், பெயர்ப்பலகையிலும் எழுதினர். 2024 மார்ச்சில் அத்தளங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. பழைய முகவரிக்கு வருவோரை வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அவ்வாண்டு ஜூன் 10 அன்று முடிவுக்கு வந்தது. அதன்பின் அச்சிட்ட அட்டையைப் பார்த்து முகவரியைத் தட்டியவருக்குக் கிடைத்தது வெற்றுப் பக்கமே.

வாடகை இடத்தில் கட்டிய கடையை, இடத்தின் உரிமையாளர் காலி செய்யச் சொன்னதற்கு ஒப்பானது இது. சொந்த இணைய முகவரி ஒன்றைப் பதிவு செய்ய ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று நாம் பார்க்கிறோம் அல்லவா? முகவரியையும் அவ்வாறே பார்க்க வேண்டும். தளத்தை அமைத்துத் தந்த இளைஞரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் அது பதிவாகியிருந்தால், அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபின் புதுப்பிப்பு அறிவிப்பு யார் கண்ணிலும் படாது. காலாவதியான முகவரிகளை வாங்கி, அவற்றின் பழைய நற்பெயரில் வேறு சரக்கை விற்போர் இருக்கின்றனர். 2024 மார்ச் விதிகளில் இதற்கெனத் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது.

கைப்பேசியில் திறக்காத தளங்களைப் பற்றி ஒரு சொல். 2024 ஜூலை 5-க்குப் பிறகு கைப்பேசி வழியாக அணுகவே இயலாத தளங்களைக் கூகுள் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வங்கி என்ற முறையில் நாம் பெரிதும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தேடல் முடிவில் வருவது மெய்யென்று மக்கள் நம்புகின்றனர். அந்நம்பிக்கையின் மீதுதான் மோசடி நடக்கிறது. போலி இணையதளங்களையும் தேடுபொறி விளம்பரங்களையும் கொண்டு யாத்திரிகர்களிடமும் சுற்றுலாப் பயணிகளிடமும் முன்பதிவுப் பணம் பறிக்கப்படுவதாக, உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. வரைபடத்தில் உள்ள ஒரு கடையின் தொலைபேசி எண்ணுக்குத் திருத்தம் பரிந்துரைக்க எவராலும் இயலும் என்பது பலருக்குத் தெரியாது. எண் மாற்றப்பட்டுவிட்டால், அகளிக்கு வரவிருக்கும் குடும்பம் அறைக்கான முன்பணத்தை வேறு யாருக்கோ யுபிஐ வழியாக அனுப்பிவிடும். இரவு எட்டு மணிக்கு அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது அறையும் இருக்காது, பணமும் வந்திருக்காது. பழி மட்டும் விடுதிக்காரருக்கு வந்து சேரும்.

வங்கிகளுக்கும் இதே சோதனை உண்டு. 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டதன் நோக்கம் இதுவே. அம்முடிவுடைய முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படும். வங்கியின் உதவி எண் தேவைப்படும்போது தேடுபொறியில் தேடாமல், பற்று அட்டையின் பின்புறத்தையோ கணக்குப் புத்தகத்தையோ பாருங்கள். மோசடிக்காரரின் கணக்குக்குப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கடையின் பெயரை உங்கள் கைப்பேசியில் தேடிப் பார்ப்பதால் மட்டும் உண்மை நிலை தெரியாது. அடிக்கடி திறக்கும் தளத்தையே அது முன்னால் காட்டக்கூடும். உங்கள் கடைக்கு இதுவரை வராத ஒருவரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பாருங்கள். மேலே வரும் தொகுப்பு விடை உங்கள் கடையைப் பற்றி என்ன சொல்கிறது என்று படியுங்கள். வரைபடத்தில் காணும் எண்ணை அங்கிருந்தே அழையுங்கள். உங்கள் சட்டைப்பையிலோ கல்லாவிலோ மணி ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால், அன்றே பதிவுக்குள் நுழைந்து எண்ணைத் திருத்திவிடுங்கள்.